நாலாவது ஆளின் தட்டு

சேசு மரி சூசை துணை
புந்தோங், ஈப்போ
20.10.1983

அன்பு மருமகள் பெட்ரீசியாவுக்கு மாமா சூசைநாதன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் எனக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. உன் அத்தை நவமணிக்கு மட்டும் முட்டி வலி. அதுவும் அவள் வாயைப் போல ஓய்வதில்லை. லீட்ஸ் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? நோயாளிகளுக்குப் போர்த்துகிற கம்பளியில் ஒன்றை நீயும் போர்த்திக்கொள். நர்ஸ் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

விஷயம் என்னவென்றால், சில்வர் பாம் ஓட்டல் இருக்கிறதே, நான் அடிக்கடி சாப்பிடப் போவேன் என்று சொல்வேனே, கதவு திறக்கிற ஆள்கூட எனக்குச் சலாம் வைப்பானே, அதே ஓட்டலில் தீபாவளியை முன்னிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குச் சலுகை போட்டிருக்கிறான். அறுபது வகை பரப்பி வைத்திருப்பானாம். தட்டை ஏந்திக்கொண்டு போய் நாமே எடுத்துக்கொள்ள வேண்டியது. பத்துத் தடவை போனாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. மற்ற நாளில் ஆளுக்குப் பதினெட்டு வெள்ளி. இங்கிலீஷ் பேப்பரில் வரும் கூப்பனை வெட்டிக்கொண்டு போனால் ஒருவர் காசில் இருவர் சாப்பிடலாம். முடிவெட்டும் ராமையா தன் கடையில் பேப்பர் வாங்கிப் போடுகிறான். அவன் ஒரு மண்டையைச் சிரைத்து முடிப்பதற்குள் நான் இரண்டு கூப்பனை வெட்டி எடுத்துவிட்டேன். ஆக இரண்டு பேர் காசில் நாலு பேர்! எந்த மந்திரிக்கு இந்தக் கணக்கு வரும்?

நான், உன் அத்தை, உன் அம்மா மூன்று பேர். நாலாவதாக ராமையாவைக் கூப்பிட்டேன். "தீபாவளி நேரத்துல கத்தியைக் கீழ வெச்சா பொண்டாட்டி என்னைச் சிரைச்சிருவா அண்ணே" என்று சொல்லிவிட்டான். போகட்டும்.

சனி ஞாயிறு கூப்பன் செல்லாதாம். அதனால் நவம்பர் இரண்டாம் தேதி, புதன்கிழமை. அன்று கல்லறைத் திருநாள் என்று எனக்கும் தெரியும். உன் அப்பா போய் எட்டு மாதத்தில் வரும் முதல் கல்லறைத் திருநாள். உன் அம்மா காலையில் சுங்கை சிப்புட்டில் மச்சான் கல்லறைக்கு மெழுகுத்திரி ஏற்றிவிட்டு பஸ் ஏறினால் மத்தியானத்துக்கு ஈப்போ வந்துவிடலாம். சாப்பிட்டுவிட்டு நேராக என் வீட்டுக்கு வரட்டும். ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள், மார்ச்சுக்குள் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று நீ கவலைப்பட்டு எழுதியிருந்தாய். அண்ணன்காரன் நான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது என்ன கவலை? கிறிஸ்மஸ் வரை இங்கே இருந்து பழகட்டும், பிறகு சாமான்களை என் லாரியிலேயே ஏற்றிக் கொண்டுவந்துவிடுகிறேன்.

உன் படிப்புக்கும் உடம்புக்கும் சிலிபின் மாதா கோவிலில் தினமும் வேண்டிக்கொள்ளும்,
மாமா சூசைநாதன்

*

லீட்ஸ்
28.10.1983

பிரியமுள்ள மாமாவுக்கு,

நான் நலம். அத்தையின் முட்டிக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். மாமா அதைத் தலைக்குத் தேய்க்க வேண்டாம்.

அம்மாவைக் கூட்டிப் போவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அப்பா போனதிலிருந்து அம்மா கடிதங்களில் கோழியைத் தவிர வேறு செய்தியே இல்லை. அப்பாவுக்கும் அந்த ஓட்டலைப் பார்க்க ஆசை. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எழுந்து நின்று பார்ப்பார். அம்மா வயிறாரச் சாப்பிடட்டும். உங்கள் வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும். அம்மா தனியாக இருப்பது ஒன்றுதான் இங்கே என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

உங்கள் கைகளில் வளர்ந்த,
பெட்ரீசியா

*

சேசு மரி சூசை துணை
புந்தோங்
5.11.1983

அன்பு மருமகளே,

உடம்பு சுகமா என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. ரத்தம் கொதிக்கிறது. அழுத்தி எழுதியதில் காகிதமே கிழிந்துவிட்டது பார்.

போனோம். உன் அம்மா வெள்ளைப் புடவையில் மகாராணி மாதிரி இருந்தாள். கூப்பன் இரண்டையும் நீட்டினேன். நாலு நாற்காலி போட்ட மேசை கொடுத்தார்கள். நானும் உன் அத்தையும் தட்டை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். உன் அம்மா இரண்டு தட்டு கொண்டுவந்தாள். ஒன்றைத் தன் முன்னால் வைத்தாள். இன்னொன்றை, எல்லா வகையிலும் ஒவ்வொரு கரண்டி வைத்து, நாலாவது நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"யாருக்கு புள்ள?" என்றேன்.

"அவருக்குத்தாண்ணே. நாலு பேருன்னு சொன்னீங்கள்ல? அவரு இடம் சும்மாதானே கெடக்கு."

நம் வீட்டில் கல்லறைத் திருநாளுக்குப் போனவருக்குத் தட்டு வைத்து, செபம் சொல்லி முடித்து, பிறகுதானே பங்கு போட்டுச் சாப்பிடுவோம்? அதைத்தான் அவள் அங்கே செய்தாள். இதில் என்ன தப்பு? செபமாலையை எடுத்துக் கண்ணை மூடினாள்.

அப்போது வந்தாள் ஒருத்தி, பரிமாறுகிறவள். சுவரில் ஒரு பலகையைக் காட்டினாள். எடுத்த சாப்பாட்டை மிச்சம் வைத்தால் தட்டுக்கு முழு விலை கட்ட வேண்டுமாம்! பின்னாலேயே கோட்டுப் போட்ட சூப்பர்வைசர் வந்தான். ஆள் இல்லாத தட்டு எதற்கு என்று கேட்டு, உன் அப்பா தட்டை அப்படியே பிடுங்கிக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினான் மருமகளே, குப்பையில்!

நான் சும்மா விடுவேனா? எழுந்தேன். இங்கிலீஷில் ஆரம்பித்தேன். "உன் கூப்பனில் நாலு பேர் என்று போட்டிருக்கிறாய். நாலாவது ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கே போட்டிருக்கிறாய், காட்டு!" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜனமெல்லாம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரர் கை தட்டினார். சூப்பர்வைசர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டு எனக்கு ஐஸ்கிரீம் கொண்டுவந்தான். நான் தொடவில்லை.

இந்த அவமானத்தில் உன் அம்மா என் வீட்டுக்கு வராமல் மூன்று மணி பஸ்ஸில் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிவிட்டாள். நீ படித்தவள். நல்ல இங்கிலீஷில் அந்த ஓட்டலுக்கு ஒரு கடிதம் போடு. லீட்ஸ் முத்திரையோடு வந்தால் நடுங்குவான்.

கோபம் ஆறாத,
மாமா

*

தோட்டம், சுங்கை சிப்புட்
8.11.1983

மகள் பெட்ரீசியாவுக்கு அம்மா எழுதுவது. நீ நல்லபடி இருக்க மாதாவை மன்றாடுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை.

அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். ஆறு மெழுகுத்திரி வைத்தேன். காற்றில் இரண்டு அணைந்தது, திரும்ப ஏற்றினேன்.

மாமா ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். சாப்பிட்டோம். அன்றைக்கே திரும்பிவிட்டேன். சிவப்புக் கோழி முட்டை வைக்கிறது.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா

*

லீட்ஸ்
19.11.1983

அன்புள்ள மாமா,

நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமில்லை. உங்கள் கடிதத்தை வார்டில் வைத்துப் படித்துவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். செத்தவருக்கு வைத்த சோற்றைக் குப்பையில் கொட்டினார்களா? என் அப்பா தட்டை?

அன்று இரவே ஓட்டல் மேனேஜருக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். எங்கள் வார்டு சிஸ்டர் படித்துப் பார்த்து இரண்டு வார்த்தையை அடித்தாள். மீதி இருக்கும் வார்த்தைகளே போதும்.

ஆனால் மாமா, அம்மா கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சாப்பிட்டோம் என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஏன்? ஓட்டல்காரன் மேல் கோபம் என்றால் உங்கள் வீட்டுக்கு வராமல் ஏன் போனார்? போய்ப் பார்த்து எழுதுங்கள்.

காத்திருக்கும்,
பெட்ரீசியா

*

சேசு மரி சூசை துணை
புந்தோங்
1.12.1983

அன்பு மருமகளே,

நீ இரண்டு பக்கம் எழுதினாய் என்று படித்ததும் எனக்கு மூட்டெல்லாம் முறுக்கேறி இருபது வயசு குறைந்துவிட்டது. ராமையா கடையில் உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். பாதி சிரைத்த முகத்தோடு ஒரு ஆள் எழுந்து நின்று கேட்டார். இப்போது புந்தோங்கில் ஒருவரும் சில்வர் பாம் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஓட்டலில் ஈ ஓட்டுகிறார்களாம்.

நீ சொன்னபடி போன ஞாயிறு கல் ஏற்றுகிற என் லாரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். உன் அம்மா வாசல் கதவைப் பாதி திறந்தாள்.

"தலை வலிக்குதுண்ணே" என்றாள்.

"மாத்திரை வாங்கியாரட்டுமா?"

"வேணாம். போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். முப்பது கிலோமீட்டர் லாரி ஓட்டிக்கொண்டு போனவனுக்கு ஒரு கோப்பிகூட இல்லை! கூடப் பிறந்தவனை வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்துவதா? அக்கம்பக்கத்து லயத்தில் எல்லோரும் பார்த்தார்கள். அவளுக்காக ஒரு ஓட்டலையே எதிர்த்து நின்றவன் நான். இதை நீயே அவளுக்கு எடுத்து எழுது.

வயசான காலத்தில் மனம் நொந்திருக்கும்,
மாமா

*

லீட்ஸ்
28.12.1983

மாமா,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் மரியாதையாக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

ஓட்டலிலிருந்து பதில் வந்திருக்கிறது. மேனேஜர் பணிவாகத்தான் எழுதியிருக்கிறார். அன்று பரிமாறியவர்களை எல்லாம் கூப்பிட்டு விசாரித்தாராம். பலகையைக் காட்டியது உண்மையாம், அதற்கு வருந்துகிறாராம். ஆனால் எந்தத் தட்டையும் யாரும் பிடுங்கவில்லையாம், எதையும் கொட்டவில்லையாம். சூப்பர்வைசர் அன்று விடுமுறையாம். உங்கள் மேசையிலிருந்து நாலு தட்டு சமையலறைக்குத் திரும்பியதாம். நாலும் காலியாக.

நான் கூனிக் குறுகிப் போனேன். இதே கையால் அந்த மனிதரை என்னென்னவோ எழுதினேன்.

அம்மாவைக் கேட்டேன். "உன் மாமாவையே கேள்" என்று ஒரே வரி வந்தது. கேட்கிறேன். நாலாவது தட்டு எப்படிக் காலியானது?

பெட்ரீசியா

*

சேசு மரி சூசை துணை
புந்தோங்
9.1.1984

பெட்ரீசியாவுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்தின் சூட்டிலேயே தெரிகிறது.

பத்து விரலால் உன்னைத் தூக்கி வளர்த்த மாமாவை நம்பமாட்டாய். மேலே பனைமரம் அச்சடித்த ஒரு காகிதத்தை நம்புவாய். அதுதான் இங்கிலாந்தில் சொல்லிக்கொடுக்கிறார்களா? மேனேஜர் என்றால் பொய் சொல்ல மாட்டானா? அவன் சோறே பொய்யில்தான் வேகிறது! தட்டு காலியாகத் திரும்பியது என்றால், கொட்டினால் தட்டு காலியாகத்தானே இருக்கும்? இதுகூடவா உனக்கு விளங்கவில்லை?

இனி இந்தப் பேச்சை எடுக்காதே. எனக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது.

மாமா

பெட்ரீசியா, இது உன் அத்தை எழுதுவது. தபால்தலை ஒட்டச் சொல்லி மாமா என்னிடம் கொடுத்தார். படித்துவிட்டேன். தட்டை யாரும் பிடுங்கவில்லை. மாமாதான் சாப்பிட்டார். உன் அம்மா கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தும் கையைப் பிடிக்கவில்லை, அது என் குற்றம். தைலம் வந்தது. முட்டிக்குக் கேட்கிறது. அத்தை நவமணி.

*

லீட்ஸ்
22.1.1984

மாமா,

அத்தை நலமாக இருக்கட்டும்.

இனி எனக்கு எழுத வேண்டாம். அம்மாவுக்கு எழுதுங்கள். அம்மா கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் பெயர் கொடுத்திருக்கிறார். மார்ச்சில் லயத்து வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே போகிறாராம். சொந்த அண்ணன் ஈப்போவில் இருக்கும்போது என் அம்மா ஐம்பத்தொரு வயதில் அநாதைகளோடு வரிசையில் நின்று கஞ்சி வாங்கப் போகிறார். அது உங்களுக்குச் சம்மதமென்றால் எழுதவே வேண்டாம்.

எழுதினால், வெள்ளைக்காரர் கை தட்டியது, சூப்பர்வைசர் ஐஸ்கிரீம் கொண்டுவந்தது எதுவும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

பெ.

*

புந்தோங்
12.2.1984

தங்கச்சி குழந்தையம்மாளுக்கு அண்ணன் எழுதுவது.

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாயில்லை. நவமணி இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்காரன் உள்ளே வந்துவிடுகிறான். இது ஐந்தாவது.

அந்த ஓட்டலுக்குள் அன்றைக்குத்தான் நானும் முதல் தடவை போனேன். அதற்கு முன்னால் வெளியே கல் லாரியில் போனதோடு சரி. மச்சான் ஒவ்வொரு தடவையும் "உள்ள என்னா மச்சான் வெச்சிருப்பான்?" என்று கேட்பார். நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்வேன். "அடுத்த மாசம் உங்களையும் கூட்டிப் போறேன்லா" என்பேன். கூட்டிப் போயிருந்தால் என் வண்டவாளம் தெரிந்துவிடும். அதனால்தான் கூட்டிப் போகவில்லை. காசு இல்லாததால் இல்லை.

நீ கண்ணை மூடினதும் அந்தப் பெண் வந்து பலகையைக் காட்டினாள். மரியாதையாகத்தான் சொன்னாள். என் சட்டைப்பையில் இரண்டு பேர் காசும் பஸ் காசும்தான் இருந்தது. இன்னொரு பதினெட்டு வெள்ளி கேட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். அத்தனை பேர் முன்னால். "இது செத்துப்போன என் மச்சானுக்கு வைத்தது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். மலாய் மொழியில் அது ஐந்தாறு வார்த்தை. பிறகு லாரியில் தனியாகப் போகும்போது எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், சரளமாக வருகிறது. அன்றைக்கு வரவில்லை. தட்டை இழுத்தேன், தின்றேன். நீ செபமாலையின் மூன்றாவது பத்தில் இருந்தாய். நீ கண்ணைத் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தின்றேன்.

ருசி என்ன என்று கேட்டால் தெரியாது. பெரிய இறால் மூன்று இருந்தது. உரிக்க நேரமில்லை. ஓட்டோடு கடித்து விழுங்கினேன். தொண்டையைக் கீறி மூன்று நாள் எச்சில் விழுங்க முடியவில்லை.

நீ கண்ணைத் திறந்து காலித் தட்டைப் பார்த்தாய். நான் வாயைத் துடைத்துக்கொண்டு, "மச்சான் வந்து சாப்பிட்டுட்டுப் போயிட்டாரு புள்ள" என்று சொல்லிச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்தாய். பஸ் வரைக்கும் பின்னாலேயே வந்தேன். நீ திரும்பவில்லை.

இல்லத்துக்குப் போகாதே குழந்தை. என்னைத் திட்ட வேண்டுமென்றால் இங்கே வந்து தினமும் திட்டு.

அண்ணன்

*

தோட்டம், சுங்கை சிப்புட்
20.2.1984

அண்ணனுக்குக் குழந்தையம்மாள் எழுதுவது. அண்ணி முட்டி வலி எப்படி இருக்கிறது? சுடு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடிதம் கிடைத்தது. மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அப்படி எழுதினால் அடுத்த வாரமே ராமையா கடையில் படித்துக் காட்டுவீர்கள்.

தின்றதற்கு எனக்குக் கோபமில்லை. செபம் முடிந்ததும் பங்கு போட்டு உங்களுக்கும்தான் கொடுத்திருப்பேன். பசி என்று சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன், பயம் என்று சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். அவர் வந்து சாப்பிட்டுப் போனார் என்றீர்களே, அதுதான். ஒரு நொடி நம்பிவிட்டேன் அண்ணே. நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் உங்கள் மீசையில் ஒட்டியிருந்த குழம்பைப் பார்த்தேன். அந்த ஒரு நொடிக்கு உங்களை என்ன செய்தால் தகும்? பஸ்ஸில் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் லாரியை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றபோதும் அதைத்தான் யோசித்தேன்.

நீங்கள் அந்த ஓட்டலுக்குப் போனதில்லை என்று அவருக்குத் தெரியும். "உன் அண்ணன் சொல்ற சாப்பாட்டுல ஒவ்வொரு மாசமும் ஒரு கறி கூடுது" என்பார். தெரிந்தேதான் கேட்பார். நீங்கள் சொல்வதைக் கேட்கப் பிடிக்கும் அவருக்கு. இதை உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இல்லத்துச் சிஸ்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மார்ச் நாலாம் தேதி ஞாயிறு, பூசை முடிந்து லாரி கொண்டுவாருங்கள். கல்தூளைக் கழுவிவிட்டுக் கொண்டுவாருங்கள். கட்டில் ஒன்று, பெட்டி இரண்டு, கோழி ஆறு. வழியில் பேச வேண்டாம்.

இறால் விஷயத்தைப் படித்துத் தனியாகச் சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அவர் வந்திருந்தாலும் ஓட்டோடுதான் தின்றிருப்பார். உரிக்கிற பொறுமை அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

குழந்தையம்மாள்